பத்தாவது ரொட்டி

கடையில் வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. போதகர் வீட்டுக்குப் போன ரொட்டிதான் நடுவில் வேகாமல் களிமண் மாதிரிப் பிசுபிசுத்தது. ஒரு நாள் அல்ல, வாரக்கணக்காக. எல்லாம் ஒரே மாவு, ஒரே அடுப்பு. ரொட்டிக்காரருக்குக் காரணம் பிடிபடவில்லை.

சபைக்குக் கொடுக்க வேண்டிய பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை அவர் பணமாகக் கொடுப்பதில்லை. மோசேயின் சட்டத்தில் ஆட்டுக்குச் சொன்னதையே ரொட்டிக்கும் வைத்துக்கொண்டிருந்தார். ஆடுகள் ஒவ்வொன்றாக மேய்ப்பனின் கோலுக்குக் கீழே கடந்து வரும். பத்தாவது ஆடு கர்த்தருக்கு. அது கொழுத்ததா நோஞ்சானா என்று பார்க்கக் கூடாது, வேறொன்றை மாற்றி விடவும் கூடாது. மனிதன் தன் வசதிக்குப் பொறுக்கி எடுக்க இடமே வைக்காத ஏற்பாடு அது. ரொட்டிக்காரருக்கு அந்தக் கோல், நீளக் கைப்பிடி போட்ட மரத்துடுப்பு. அடுப்பில் ஒரு தடவைக்குப் பத்து ரொட்டி வேகும். ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, பத்தாவதைத் தனிக் கூடையில் போடுவார். கூடையில் பாதி போதகர் வீட்டுக்கு, மீதி சபையின் விதவைகளுக்கு. அந்த மீதியும் களிதான், ஆனால் இலவச ரொட்டியை விதவைகள் குறை சொல்லவில்லை.

ஒரு காலை போதகரே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“காசு கொடுக்கிறவனுக்குப் பஞ்சு, கர்த்தருக்குக் களிமண்ணா?”

“பொறுக்கி எடுக்கலை ஐயா. எண்ணித்தான் எடுக்கிறேன், சத்தியமா.”

“பத்துல ஒண்ணு கெட்டுப்போகுமாம், அது தப்பாம எங்க கூடைக்கே வருமாம். யாருக்குக் காது குத்துறீங்க? குருட்டு ஆட்டைப் பலிக்குக் கொண்டுவந்தா ஆசாரியன் திருப்பி அனுப்பணும். அது அவன் வேலை. இதைச் சரி பண்ணுங்க. அதுவரைக்கும் உங்க வீட்டுக்கு நற்கருணை கிடையாது.”

ரொட்டிக்காரர் மாடியை அண்ணாந்து பார்த்தார். மாடியறையில் அவர் மனைவி நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தாள். மருத்துவர் கைவிரித்துவிட்டார். சாவதற்குள் ஒருமுறை போதகர் கையால் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது.

“அவ என்ன ஐயா பண்ணினா?”

போதகர் கூடையை மேசையில் வைத்துவிட்டுக் கடைப்படி இறங்கிப் போனார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. “நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சுடுங்களேன். இவ்வளவு சுத்தமா இருந்து யாரைக் கரையேத்தப் போறீங்க?”

“அப்புறம் அது நான் பொறுக்கினதா ஆயிடும்.”

“அப்போ விடுங்க. எனக்காகப் பேச மேல ஒரு ஆசாரியர் இருக்கார். அவர் கூடையைத் திறந்து பார்க்க மாட்டார்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “ஆனாலும், அந்த அப்பத்தை வாயில வெச்சுட்டுப் போனா நல்லாயிருக்குங்க.”

மறுநாள் முதல் தடவை வெந்த பத்து ரொட்டியையும் அவர் விற்கவில்லை. எடுத்த வரிசையிலேயே மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாக அறுத்தார். ஒன்பது பஞ்சு, பத்தாவது களி. மறு தடவையும் அப்படியே.

துடுப்பு, அடுப்பின் வாயருகே இருப்பதைத்தான் முதலில் எடுக்கும். கடைசியில் வருவது எப்போதும் பின்பக்க இடது மூலையில் இருப்பது. அவர் வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி அந்த மூலைச் செங்கல்லை ஒட்டி நின்றது. செங்கல்லின் சூட்டைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் மேற்கூரைச் சூட்டில் ரொட்டியின் தோல் சிவந்தது, உள்ளே வேகவில்லை. கெட்டது அத்தனையும் கர்த்தரின் கூடைக்கே போனதால் கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போதகரை இழுக்காத குறையாக அழைத்து வந்தார். போதகர் அடுப்புச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஓரிடம் சுட்டது, மூலை வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல் நின்றார். பிறகு, “நற்கருணைப் பாத்திரத்தை எடுத்துட்டு வந்துடறேன்” என்று ஓடினார்.

இருவரும் மாடி ஏறியபோது அவள் வாய் திறந்தபடி இருந்தது. மூச்சு இல்லை. போதகர் அப்பத்துண்டை விரல்களில் பிடித்தபடி நின்றார்.

“இப்போ யாருக்கு ஐயா?” என்றார் ரொட்டிக்காரர்.

அடக்கம் முடிந்தது. தொட்டியை இடிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ரொட்டிக்காரர் மறுபடி அடுப்பு மூட்டிய அன்று, அந்த மூலையைக் காலியாக விட்டு ஒன்பது ரொட்டி மட்டும் வைத்தார். எண்ணிக்கையை அங்கே நிறுத்தாமல் அடுத்த தடவைக்குத் தொடர்ந்தார். அதனால் பத்தாவது ரொட்டி, அடுத்த தடவையின் முதலாவதாக வந்தது. இருபதாவது, அதற்கும் அடுத்த தடவையின் இரண்டாவதாக வந்தது. இப்படித் தசமபாகம் ஒவ்வொரு தடவையும் ஓரிடம் நகர்ந்து அடுப்பு முழுவதையும் சுற்றி வந்தது. ஒரு ரொட்டியும் வேகாமல் போகவில்லை.