கூத்தையாவுக்கு வைத்த பிண்டம்

ராமேஸ்வரம் ரயில் நிலையத்து ஆட்டோ ஸ்டாண்டில் ஜாபர் சாதிக்குக்கு இரண்டு பெயர். கூட ஓட்டுகிறவர்களுக்கு ஜாபர். வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்களுக்குப் பிரபு.

அது களவாடிய பெயர் அல்ல. போன ஆடி அமாவாசைக்கு வந்த ஒரு குடும்பம் அவன் ஆட்டோவில் பெட்டிகளையெல்லாம் அடுக்கி ஏறி உட்கார்ந்த பிறகு, பெயர் என்ன என்று கேட்டது. சொன்னான். அவர்கள் சண்டை போடவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. சத்தமில்லாமல் இறங்கி, பெட்டிகளைப் பின்னால் நின்ற ஆட்டோவுக்கு மாற்றிக்கொண்டார்கள். பின்னால் நின்றது நிஜமான பிரபு, ஜாபரின் கூட்டாளி. அந்தச் சவாரியை முடித்து வந்ததும் அவன்தான் யோசனை சொன்னான்.

“ஏலே, இனிமே என் பேரச் சொல்லு. இந்த இந்திக்காரங்ககிட்ட நியாயம் பேசிப் பொழப்பு நடத்த முடியாது. துருவிக் கேட்டா எங்க சிக்கல் கிராமத்தையே ஒன் ஊருன்னும், எங்கய்யா கூத்தையாவையே ஒங்கய்யான்னும் அடிச்சு விடு.”

“மீசையும் ஒன்னைய மாதிரியே வச்சுக்கிறவா மாப்ள?”

“அது ஒனக்கு மொளைக்காது.”

இந்திக்காரர்களைப் பற்றி ஸ்டாண்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுவார்கள், பான்பராக்கை வண்டிக்குள்ளேயே துப்புவார்கள், பெயரைக் கேட்டு ஆளை எடைபோடுவார்கள். ஜாபரும் அப்படித்தான் பேசுவான். நாளடைவில், கேட்டவர் முகத்தைப் பார்க்காமலே பிரபு என்று சொல்லப் பழகிவிட்டான்.

அந்தக் காலை ரயிலில் திவாரி தனியாக வந்தார். போபால் பக்கம் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்துபோன அப்பாவுக்குக் கடற்கரையில் பிண்டம் வைக்க வந்திருந்தார். பெயரைக் கேட்டார், பிரபு என்றான். பேரம் பேசவில்லை. வழியில் நிறுத்தச் சொல்லி, இருவருக்கும் டீ வாங்கினார்.

“உன் அப்பா இருக்கிறாரா?” என்று இந்தியில் கேட்டார்.

பெயரில் பொய் சொன்னவனுக்கு இதில் பொய் வரவில்லை. தன் அரைகுறை இந்தியில் சொன்னான். அப்பா சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் முங்கியவர் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடலில்லாமலே பள்ளிவாசலில் தொழுகை வைத்ததை மட்டும் சொல்லாமல் விட்டான். திவாரி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவன் தோளில் வைத்தார். அக்னி தீர்த்தம் வரும்வரை அதை எடுக்கவில்லை.

கரையில் சடங்கு பாதி நடந்துகொண்டிருந்தபோது, தள்ளி நின்ற ஜாபரைக் கைதட்டிக் கூப்பிட்டார். புரோகிதர் விளக்கினார்.

“சொந்தம் இல்லாதவங்களுக்கும் வைக்கலாம்ப்பா. ஒங்கப்பா இந்தக் கடல்லயே போனவராமே, அவருக்கும் ஒண்ணு வைக்கணும்ங்கிறார். பேரு சொல்லு.”

“வேணாம் சாமி. நாங்க எல்லாம் செஞ்சுட்டோம்.”

“அவர் விடமாட்டேங்கிறார். பேரச் சொல்லு, ஆளு காத்துக்கிட்டிருக்கு.”

வாவு முகம்மது. வாப்பாவின் அந்தப் பெயர் தொண்டைவரை வந்தது. இங்கே அதைச் சொல்வது வாப்பாவுக்கும் அடுக்காது, சொன்னால் இந்த மனிதர் இனி இப்படிப் பார்க்கவும் மாட்டார். இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு நின்றவனின் வாயிலிருந்து, மனப்பாடம் செய்து வைத்திருந்தது தானாக வந்து விழுந்தது.

“கூத்தையா.”

புரோகிதர் மந்திரத்துக்கு நடுவே அதை உரக்கச் சொன்னார். திவாரி தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னார். எள் கலந்த ஓர் உருண்டை தர்ப்பையின்மேல் அமர்ந்தது.

இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், தன் சவாரியைக் குளிக்க இறக்கிவிட்டு நின்ற பிரபு, தன் அப்பாவின் பெயர் காதில் விழத் திரும்பிப் பார்த்தான். பாதி குடித்த இளநீரை வண்டிமேல் வைத்துவிட்டுத் தன் ஆட்டோவைப் பார்த்து நடந்தான்.

திவாரி மத்தியான ரயிலுக்கே திரும்பினார். நிலைய வாசலில் ஜாபரைக் கட்டிக்கொண்டு, “இனி உன் அப்பா நிம்மதியாக இருப்பார்” என்றார். ஜாபர் எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் படியேறிவிட்டார்.

ஸ்டாண்டில் பிரபு காத்திருந்தான்.

“எங்கய்யா உசுரோட இருக்காருலே.”

“வாயில வந்துருச்சு மாப்ள. நீ சொல்லிக் குடுத்ததுதான…”

“சவாரி ஏறுறவன்கிட்டச் சொல்லச் சொன்னேன். எள்ளுருண்டை வைக்கவா சொன்னேன்? உசுரோட இருக்கிறவுகளுக்கு வைக்கிறது என்னான்னு தெரியுமா? ஒங்காளுகளுக்கு எங்க தெரியப்போகுது.”

கூடவே உண்டு, கூடவே ஓட்டிய இத்தனை நாளில் பிரபு அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவனுக்கே அது கேட்டிருக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்தான்.

“அப்ப நீயும் இவ்வளவுதானா?” என்றான் ஜாபர்.

பிரபுவின் போன் அடித்தது. மனம் பொறுக்காமல் அவன் ஏற்கெனவே ஊரிலிருக்கும் அப்பாவிடம் பேசியிருந்தான். ‘ம், ம்’ என்று கேட்டவன், போனை ஜாபரிடம் நீட்டினான்.

“ஒங்கிட்டப் பேசணுமாம்.”

“ஏப்பா ஜாபரு,” என்றார் கூத்தையா. பின்னால் மிளகாய் பறிக்கும் பெண்களின் பேச்சு கேட்டது. “எனக்குச் சோறு வச்சியாமே. உப்பாச்சும் போட்டாகளா?”

“மன்னிச்சிருங்கய்யா.”

“இந்தப் பய அழுவாத கொறையாப் பேசுறான். மொதல்ல எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. போகட்டும். ஒங்க வாப்பா பேரு என்னப்பா? எத்தனை தடவை இங்கன வந்து சாப்பிட்டுருக்க, நான் கேட்டதே இல்ல பாரு.”

“வாவு முகம்மதுங்கய்யா.”

“இத அந்த ஆளுகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வண்டிய விட்டு எறங்கிருவாகய்யா.”

“எறங்கினாரா?”

ஜாபருக்குத் தோள் நினைவுக்கு வந்தது. எடுக்காமல் வைத்திருந்த அந்தக் கை. அது இறங்கியிருக்குமா, இல்லை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்குமா, இனி அவனுக்குத் தெரியப்போவதில்லை. அந்த மனிதரின் முகத்தை ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம்.

“நான் சொல்லவே இல்லைங்கய்யா.”

போனைத் திருப்பிக் கொடுத்தான். பிரபு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான். மன்னிப்புக் கேட்பது அவனுக்கு வராது. ஜாபருக்கு அது தெரியும்.

“சாப்பிட்டியா?” என்றான் பிரபு, நிமிராமல்.

ஜாபர் காலையிலிருந்து அந்த ஒரு டீதான் குடித்திருந்தான்.

“சாப்பிட்டேன்,” என்றான்.