மோஷுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

எர்காஷ் முப்பத்தெட்டு வருடம் கோகந்த் நகரில் பேருந்து ஓட்டியவர். எதிரே வரும் கழுதை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அதன் காதைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரால் ஒரு பூனையைத் தண்ணீர் குடிக்க வைக்க முடியவில்லை.

போன மாதம் அந்தப் பூனை மோஷுக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. மருத்துவர் குழாய் விட்டுச் சரிசெய்தார். "நெறைய தண்ணி குடிக்கணும். இன்னொரு தடவை அடைச்சா உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எர்காஷ் பித்தளைச் சட்டி, கண்ணாடித் தட்டு, பீங்கான் கிண்ணம் என்று மாற்றி மாற்றித் தளும்பத் தளும்ப ஊற்றி வைத்தார். குழாயைச் சொட்ட விட்டார். தாமே தரையில் குனிந்து நக்கிக் காட்டினார். அதை மோஷ் ரசித்துப் பார்த்தது. குடிக்கவில்லை.

இன்று காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரமும் போகவில்லை. "மத்தியானம் வரைக்கும் பாருங்க, போகலைன்னா தூக்கிட்டு வாங்க" என்றார் மருத்துவர் தொலைபேசியில். எர்காஷ் நிமிடத்துக்கு ஒருமுறை பூனையின் மணல் தட்டை எட்டிப் பார்த்தார். அது காய்ந்தே கிடந்தது.

முற்றத்து மரக்கட்டிலில் மனைவியின் அண்ணன் நுஸ்ரத்தில்லா சாய்ந்திருந்தார். இரண்டு நாள் தங்க வந்தவருக்கு இது பதினோராவது நாள். அவருக்குக் குடிப்பதில் சிக்கல் இல்லை, போவதிலும் சிக்கல் இல்லை. வீட்டை விட்டுப் போவதில்தான் சிக்கல்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க மச்சான்? சாக்குல கட்டிக் கால்வாயில விடுங்க, தண்ணி தானாக் குடிக்கும்" என்று குலுங்கிச் சிரித்தார்.

எர்காஷின் மனைவி சுல்ஹுமோர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. பூனையையும் அவள் ஒரு பொருட்டாக மதித்தது கிடையாது.

சிரித்து முடித்த நுஸ்ரத்தில்லா ரத்தக்கொதிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு வாய் மிச்சமிருந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிலிலேயே பக்கத்தில் வைத்தார். மோஷ் கட்டிலில் ஏறி அதற்குள் முகத்தை விட்டு நக்கியது.

"சீ! என் கிண்ணத்துல வாய வைக்குது சனியன்!"

எர்காஷ் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். பூனையின் சட்டியைப் பார்த்தார். மரியாதைக்குரிய விருந்தாளிக்குத் தேநீர்க் கிண்ணத்தில் ஒரு வாய்தான் ஊற்றுவது வழக்கம். தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பது. விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள். கோகந்தில் குழந்தைக்கும் தெரியும்.

"அடப்பாவி! ஒரு மாசமா நானே இதை வெளிய போ, வெளிய போன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்!"

"பூனைக்கு மரியாதை ஒரு கேடா?"

"அதுக்குச் சூடு சொரணை இருக்கு மச்சான். குறிப்புச் சொன்னாப் புரியுது."

எர்காஷ் நல்ல கிண்ணம் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு வாய் ஊற்றி, இடக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நீட்டினார். மோஷ் முகர்ந்தது. குடித்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி குடித்தது. ஒன்பது தடவை!

கொஞ்ச நேரம் கழித்து மோஷ் எழுந்து வாசற்படிக்குப் போனது. அங்கே கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, கடைசியில் நுஸ்ரத்தில்லாவின் புதுத் தோல் ஷூவைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் உட்கார்ந்தது. எர்காஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"போகுது! சுல்ஹுமோர், போகுது! தாராளமாப் போகுது!" அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

நுஸ்ரத்தில்லா ஓடிவந்து ஷூவைக் கவிழ்த்தார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது. "இன்னைக்கே ஒரு முடிவு தெரியணும் தங்கச்சி. இந்த வீட்டுல அது இருக்கணுமா, நான் இருக்கணுமா? நீயே சொல்லு."

சுல்ஹுமோர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கழுவிய கிண்ணம் ஒன்றை அண்ணன் முன்னால் வைத்துத் தேநீர் ஊற்றினாள். பாதியைத் தாண்டியது. அவள் நிறுத்தவில்லை. தேநீர் விளிம்பில் வந்து நின்றது.

"சூடா இருக்குண்ணே, பாத்துக் குடிங்க" என்றாள்.

பிறகு குனிந்து, மோஷின் கிண்ணத்தில் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றினாள்.