எட்டாயிரம் கிலோ கடி

சனிக்கிழமை மூன்று மணி தாண்டி, தாமதமாகச் சாப்பிட உட்கார்ந்த அல்போன்சா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் படம் போனில் வந்து விழுந்தது. அனுப்பியவள் ஜீனத், மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி. டைனோசர் பொருட்காட்சியில் ஒரு போர்டைப் படம் பிடித்திருந்தாள். "மேம், உங்க பேரு போட்டிருக்கு! அஞ்சு மணிக்கு கிளாஸ் மொத்தமும் வாரோம்" என்று எழுதி, அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தாள். "ஆனா கிளாஸ்ல நீங்க வேற மாதிரி சொன்ன ஞாபகம்."

அல்போன்சா இடது கையால் படத்தைப் பெரிதாக்கினாள். 'உலகிலேயே பலமான கடி! வெலோசிராப்டர்! 8,000 கிலோ! டி-ரெக்ஸையே மிஞ்சிய வாய்!' அத்தனைக்கும் கீழே, நல்ல கொட்டை எழுத்தில்: 'தகவல்: முனைவர் சூ. அல்போன்சா, விலங்கியல் துறை.'

"அடப் பாவிகளா!"

சாதம் கையிலேயே காய்ந்தது. அந்தச் 'சூ' அவளுடைய அப்பா சூசைமுத்து. கணக்கு வாத்தியாராக இருந்து, ஒரு அரை மார்க்கைக்கூட ஓசியில் போடாத மனுசன். அவர் பெயரையும் சேர்த்து இழுத்துத் தெருவில் விட்டிருக்கிறான்கள்!

அவளுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்றால், அந்தப் பெயரை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். பதினோரு வருடமாக அவள் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்ற சொல் அந்த வேலையின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. துறை வாசலில் தொங்கும் பலகையில் நிரந்தர ஆசிரியர்கள் ஐந்து பேரின் பெயர்தான் உண்டு. பாதி வகுப்பை எடுக்கிற அல்போன்சாவுக்கு அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பொருட்காட்சி மேலாளர் பாண்டியராஜ் கல்லூரிக்கு வந்து, டைனோசர்களைப் பற்றி எழுதித் தர ஆள் வேண்டும் என்றபோது, நேரமில்லை என்று ஐந்து பேரும் கைகாட்டியது இவளைத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினாள். எந்த எண் அளந்து பார்த்தது, எந்த எண் எலும்பை வைத்துப் போட்ட மதிப்பீடு என்று பிரித்துப் பிரித்து எழுதினாள். "எனக்கு ஃபீஸ் ஒண்ணும் வேண்டாம் சார். கீழ சின்னதா என் பேர் மட்டும் போடுங்க" என்றாள்.

சின்னதாகக் கேட்டதைப் பெரிசாகத்தான் போட்டிருந்தார்கள். தப்புக்குத்தானே பொறுப்பாள் வேண்டும்.

கையைக் கழுவிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தவள், மேட்டுப்பட்டியிலிருந்து பைபாஸ் திடலுக்குப் போகிறவரைக்கும் ஹெல்மெட்டுக்குள்ளேயே பாண்டியராஜைத் திட்டிக்கொண்டு போனாள்.

பாண்டியராஜ் டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். அந்த மரியாதைக்கெல்லாம் குறைச்சலே இல்லை.

"வாங்க மேடம், வாங்க. செத்த உக்காருங்க, ஜிகர்தண்டா சொல்றேன்."

"நான் உக்கார வரல. வெலோசிராப்டருக்கு எட்டாயிரம் கிலோ கடின்னு எவன்யா சொன்னது?"

"அதுவா மேடம்?" அவன் குரலைத் தாழ்த்தினான். "டி-ரெக்ஸுக்கு வாய் மோட்டார் ரெண்டாம் நாளே புகைஞ்சு போச்சு. கோயம்புத்தூர்லருந்து ஆள் வரணும். வாயத் தொறக்காத டைனோசரை எவன் பாப்பான்? ராப்டருக்குத்தான் வாய் ஆடுது. ஆடுற வாய்க்குத்தான மேடம் கடி?"

"எட்டாயிரம் எங்கருந்து வந்துச்சு?"

"நீங்க டி-ரெக்ஸுக்கு மூணரை டன்லருந்து ஆறு டன் வரைன்னு எழுதியிருந்தீங்கள்ல? அதுக்கு மேல ஒரு ரெண்டு டன் போட்டோம். பெருசா இருந்தாத்தான மிஞ்சுனதா அர்த்தம்?"

அல்போன்சா ஹெல்மெட்டைக் கவுன்டர் மேல் டொக்கென்று வைத்தாள். "யோவ், கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பீங்களா? நிஜ வெலோசிராப்டர் வான்கோழி சைஸு! அதோட கடி, நம்ம மனுசக் கடியில பாதி தேறுனாலே பெருசு. இன்னைக்கு உசுரோட இருக்கிற முதலையே ஒன்றரை டன்னுக்கு மேல கடிக்கும், அளந்து பாத்திருக்காங்க. அந்தக் காலத்துப் பெருஞ்சுறா பத்து டன்னுக்கு மேல கடிச்சிருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தேனே!"

"வான்கோழிய கொண்டாந்து நிறுத்துனா, திண்டுக்கல்காரன் பிரியாணி எம்புட்டுன்னு கேப்பான் மேடம்."

போர்டு மாட்டுகிற இஷாக் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டு, அவள் முறைத்ததும் ஏணியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என் பேரை எடுங்க. இப்பவே எடுங்க."

"அம்புட்டுத்தான? ஏலே இஷாக்கு, மேடம் பேர் மேல டேப்பை ஒட்டுடா."

இஷாக் ஏணியில் ஏறி, கறுப்பு டேப்பை இரண்டு சுற்று இழுத்து ஒட்டினான். பெயர் போய்விட்டது. அரை நிமிடம் கூட ஆகவில்லை. பாண்டியராஜ், "திருப்தியா மேடம்?" என்று கேட்டான். அவளும் திருப்தியாகத்தான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

அப்போது ஒரு குடும்பம் போர்டுக்கு முன்னால் வந்து நின்றது. சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போடுகிற நாச்சிமுத்துவும் அவர் மனைவி ராமுத்தாயும், கூடவே மூன்று பிள்ளைகளும். நாச்சிமுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டு வாசித்தார்.

"எட்டாயிரம் கிலோவாம்ல! ஏத்தா, நம்ம ஊர்ப் பூவெல்லாம் ஒண்ணாக் கட்டுனாலும் அம்புட்டு வராது. நல்லாப் பாத்துக்கங்க பிள்ளைகளா, பரீச்சையில கேட்டா எழுதணும்."

மூன்று பிள்ளைகளும் எட்டாயிரம், எட்டாயிரம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டன. அல்போன்சாவுக்குச் சாவி கையிலேயே நின்றுவிட்டது. ச்சீ! பெயரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடவா இத்தனை வேகமாக வந்தாள்? பொய் அப்படியே நிற்கிறது, அதற்குப் பதில் சொல்ல இப்போது ஆளும் இல்லை. அவள் விறுவிறுவென்று ஏணியில் ஏறி டேப்பைப் பிய்த்தாள்.

"ஐயா, அது பொய். நம்பாதீங்க" என்றாள் இறங்கியபடியே.

நாச்சிமுத்து போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "படிச்சவங்க பேரு போட்டிருக்கேம்மா?"

"அந்தப் படிச்சவ நான்தாங்கய்யா."

"அப்ப நீங்களே ஏம்மா தப்பா எழுதுனீங்க?"

நியாயமான கேள்வி. அதுதான் அவளை வெட்டிப்போட்டது. நான் எழுதவில்லை என்று சொன்னால் எவன் நம்புவான்? இன்னும் ஒரு மணி நேரத்தில் தன் வகுப்பே வந்து இதையே கேட்கும். அவள் நேரே ராப்டரிடம் போனாள்.

பன்னிரண்டு அடி உயரத்தில் பச்சை ரப்பர் உடம்போடு அது நின்றது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை கீழ்த்தாடை இறங்கி ஏறும். அதற்குள் தலையை விட்டுப் படம் எடுக்க ஐம்பது ரூபாய். யார் தலைக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதென்று, கடிக்கவே முடியாதபடி செய்த வாய் அது. ஐம்பது ரூபாயை நீட்டிவிட்டுப் படியேறினாள். தாடை இறங்கியதும் இரண்டு ரப்பர் பல்லுக்கு நடுவே வலது கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தாடை ஏறவில்லை. உள்ளே மோட்டார் 'உர்ர்' என்று உறுமியது. தாடை துடித்துத் துடித்து அங்கேயே நின்றது.

"ஐயா, இங்க பாருங்க! எட்டாயிரம் கிலோ! ஒத்தக் கையில பிடிச்சிருக்கேன்!"

கூட்டம் திரும்பியது. பாப்கார்ன் வாங்க நின்றவர்களும் ஓடி வந்தார்கள். பாண்டியராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு அலறிக்கொண்டு வந்தான்.

"மேடம், கையை எடுங்க! மோட்டார் போயிரும் மேடம்!"

"ஏன் போகும்? டி-ரெக்ஸையே மிஞ்சுன வாயாச்சே! சோத்துக் கையி ஒண்ணு, இதைத் தள்ளத் தெரியாதா அதுக்கு?"

"மேடம், இருக்கிறது இந்த ஒரு வாய்தான்! புகை வருது மேடம்!"

"அப்ப எட்டாயிரம்?"

"அது சும்மா போட்டது மேடம்! கூட்டம் வரணும்னு நானாப் போட்டது! நீங்க எழுதல, போதுமா? கையை எடுங்க தாயே!"

திடல் முழுக்கக் கேட்டது. அவள் கையை எடுத்தாள். தாடை டொப்பென்று மூடிக்கொண்டது. பிறகு ராமுத்தாய்தான் முதலில் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. பாண்டியராஜின் முன்னால் போய் நின்றார்.

"ஏப்பா, நீ போட்ட பொய்க்கு அந்தம்மா பேரை எதுக்குப்பா போட்ட?"

பாண்டியராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, போர்டை இறக்கும்படி இஷாக்குக்குக் கைகாட்டினான். கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது என்று அல்போன்சாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் எழுதிக் கொடுத்தபடியே முதலில் அடித்த பழைய ஃபிளெக்ஸ் எங்கே என்று கேட்டாள். பாப்கார்ன் கடைக்கு வெயில் மறைப்பாகக் கட்டியிருக்கிறதாம்! மூன்று வாரத்து உழைப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து சேர்ந்தது. இஷாக் சோப்புத் தண்ணீரால் துடைத்து மேலே மாட்டினான். பெருஞ்சுறா, ராட்சத முதலை, டி-ரெக்ஸ், இன்றைய முதலை, மனுசன், கடைசியில் வான்கோழி அளவு வெலோசிராப்டர், எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. நாச்சிமுத்து முதலிலிருந்து மறுபடியும் சத்தம்போட்டு வாசிக்க, பிள்ளைகள் எட்டாயிரத்தை மறந்துவிட்டு மனுசக் கடி எவ்வளவு என்று ஒருத்தர் கையை ஒருத்தர் கடித்துப் பார்த்தார்கள்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். வாசலில் ஜீனத்தும் வகுப்பும் வருவது தெரிந்தது. இஷாக் ஏணியில் நின்றபடியே, கையில் மிச்சமிருந்த கறுப்பு டேப்பைக் காட்டி மெதுவாகக் கேட்டான்.

"மேடம், இதுலயும் கீழ உங்க பேரு இருக்கு. மறைச்சிரவா?"

"தொட்டுப் பாரு" என்றாள் அல்போன்சா.