தீப்பந்தம் எந்தக் கையில்

1

பல் பிடுங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. டாக்டரின் காத்திருப்பு அறையில், என் நாற்காலிக்கு நேர் எதிரே, சட்டம் போட்ட ஒரு மரச்செதுக்குப் படம் மாட்டியிருந்தது. வைக்கோல் போர் ஒன்று எரிகிறது. பின்னால் ஒரு மில்லின் புகைபோக்கி. ஓரத்தில் கன்னங்கரேலென்று ஓர் ஆள், இடது கையில் தீப்பந்தம். முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்திலும் கறுப்புதான். யார் செய்த படம் என்று டாக்டரிடம் கேட்டேன். "வாயை நல்லா திறங்க" என்றார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

2

'வயல்வெளிகளின் அமைதியைத் தன் உளியால் —'

அடித்துவிட்டேன். பாராட்டு விழாவில் பேசுகிற வரி.

'அவள் பயந்திருந்தாள்.' இதையும் அடித்தேன். எடுத்த எடுப்பிலேயே பயந்துவிட்டால் மிச்சக் கதைக்கு என்ன செய்வாள்?

மூன்றாவது ஆரம்பம் நின்றது:

அவள் அறுவடையைச் செதுக்குவாள். மாடு குளிப்பாட்டுவதை, தானியம் புடைப்பதை, கிணற்றடியில் பெண்கள் வம்பளப்பதைச் செதுக்குவாள். பலகையில் மை தடவி, காகிதத்தை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பாள். நகரத்துக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஊரில் அவளுக்குப் பேர் பொம்மைக்காரி. வீட்டின் முன்னறைதான் பட்டறை. பலகையில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பி விழும். அதனால் முதலில் தாளில் வரைந்து, அந்தத் தாளைக் கவிழ்த்துப் பலகையில் படியெடுத்து, கைக்கண்ணாடியில் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் உளியைத் தொடுவாள். என்னைப் போல அடித்துத் திருத்துகிற சொகுசு அவளுக்கு இல்லை. மரத்தில் போனது போனதுதான்.

மில் முதலாளியின் வைக்கோல் போர் எரிந்தபோது ஊரே நின்று பார்த்தது. அவளும் பார்த்தாள். போரின் மறைவில் படுத்திருந்த காவல்காரர் வெந்து செத்தார். பீடிக்கங்கு விழுந்திருக்கும் என்றார்கள். செத்தவர் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அவள் அந்தத் தீயைச் செதுக்கினாள். புகைபோக்கி, கிணறு, போர் எல்லாம் வழக்கம்போலக் கவிழ்த்துப் படியெடுத்தவை. வேலை பாதி நடக்கும்போதுதான், உளி படாத ஓர் ஓரம் வெறிச்சென்று இருப்பதைக் கவனித்தாள். அங்கே ஏதாவது நிற்க வேண்டும். மரம் நின்றால் தீ எடுபடாது. ஓர் ஆளை நிறுத்தினாள். சும்மா நிற்கிறானே என்று கையில் ஒரு பந்தத்தைக் கொடுத்தாள். தூரிகையை எடுத்து அவனை நேராகப் பலகை மேலேயே வரைந்தாள், அவன் வலது கையில் பந்தத்தோடு.

கவிழ்க்க மறந்துவிட்டாள்.*

* இவ்வளவு கைதேர்ந்தவள் மறப்பாளா என்று கேட்பீர்கள். கைதேர்ந்தவர்கள்தான் இப்படி மறப்பார்கள். புதிதாகப் பழகுகிறவன் கண்ணாடியைக் கீழே வைக்கவே மாட்டான்.

3

படத்தை பஸ் நிலையக் கடைக்காரர் வாங்கித் தன் கடையில் மாட்டினார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். பந்தம் இருக்கிறது. அப்படியானால் யாரோ வைத்த தீ. பந்தம் இடது கையில் இருக்கிறது. அந்த ஊரில் இடது கைக்காரன் என்றால் ஒருவன்தான். டிராக்டர் ரிப்பேர் செய்கிறவன், பட்டப்பெயரே பீச்சாங்கை. பொம்மைக்காரியின் கூடப்பிறந்த தம்பி.

"அக்கா, உன் படத்துல நான் ரொம்ப உயரமா இருக்கேனாமே" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

"என்னடா உளர்றே?"

"நான் உளறலை. கடையில பேசிக்கறாங்க. அவன் அக்காவே கண்ணால பாத்திருக்கா, வாயால சொல்ல மனசு வராம படமாப் போட்டுட்டான்னு."

அவள் டீ கொடுத்தாள். அவன் டம்ளரை வலது கையால் வாங்கினான். பிறந்ததிலிருந்து அவன் வலது கையால் எதையும் குடித்து அவள் பார்த்ததில்லை. பாதி டீ சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொண்டு, "பழகிக்கறேன்" என்றான்.



4

இங்கே ஒரு மேனேஜர் வர வேண்டும், மில்லிலிருந்து. இவர் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். முதலில் முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன், சினிமா வில்லன் மாதிரி இருந்தார். மீசையை எடுத்தேன். குரலைத் தணித்தேன். அவரை நல்லவராக்க ஆக்க எனக்கே அவரைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

என் மனைவி படித்துவிட்டு, "இது மாடி வீட்டுக்காரரேதான்" என்றாள்.

"நான் அவரை நெனச்சே எழுதலை."

"அதை அவர் நம்பணுமே? வம்பை விலைக்கு வாங்காதீங்க."

அதிலிருந்து மேலே செருப்புச் சத்தம் கேட்டால் என் பேனா நின்றுவிடுகிறது. (இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா? எடுத்தால் பயந்ததாக ஆகிவிடும். இருக்கட்டும். பயந்துதான் இருக்கிறேன்.)

மேனேஜர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது திரும்பி விழுந்துடுச்சு சார்" என்றாள் அவள். "நான் வலது கையிலதான் வரைஞ்சேன்."

"புகைபோக்கி இருக்கற பக்கத்துலயே இருக்கேம்மா."

"அதைக் கவிழ்த்துப் படியெடுத்தேன்."

"கிணறு?"

"அதுவும்தான்."

"எல்லாத்தையும் சரியா செஞ்சுட்டு, ஆளை மட்டும் மறந்துட்டீங்க."

"ஆமா சார்."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, இந்த உலகத்தில் இதைவிடப் பச்சைப் பொய் மாதிரிக் கேட்கிற உண்மை இருக்க முடியாது. உள்ளே ஓடிப்போய்ப் பலகையைக் கொண்டுவந்தாள். பலகையில் ஆள் வலது கையில்தான் பந்தம் பிடித்திருந்தான். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல புகைபோக்கியும்தானே திரும்பி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. பலகை சாட்சிக்கு வராது.

"சார், அங்க யாருமே நிக்கலை. ஓரம் காலியா இருந்துச்சு. அதுக்காக ஒரு ஆளை வெச்சேன்."

"நான் நம்பறேம்மா. முதலாளி நம்பணும், செத்தவர் வீட்டுல நம்பணும். யாரோ வெச்ச தீன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே போய் யாரும் வெக்கலைன்னா எப்படி?" அவர் எழுந்தார். "புதுசா ஒரு பலகை செய்யுங்க. கையை மாத்திடுங்க, தம்பி தப்பிச்சுக்குவான். மூஞ்சி மட்டும் கொஞ்சம் தெளிவா இருக்கட்டும்."

"யார் மூஞ்சி?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்? முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறேன். அவசரமில்லை. தம்பியைக் காலையிலேயே மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம், அங்கதான் இருக்கான். நல்லா கவனிச்சுக்கறோம்."

5

முடிவுகள். எழுதிப் பார்த்தவை எல்லாம் கீழே.

பழைய பலகையிலிருந்து ஆளைச் செதுக்கி எடுத்துவிடுகிறாள். செதுக்கிய இடம் வெள்ளையாக விழும். கறுப்பு ஆளுக்குப் பதிலாக வெள்ளை ஆள் நிற்பான், அதே பந்தத்தோடு. மறைக்கப் பார்த்தாள் என்பார்கள்.

தன் முகத்தையே செதுக்குகிறாள். இதைப் பக்கம் பக்கமாக எழுதினேன், எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மனைவி, "நல்லாத்தான் இருக்கு. தம்பியைக் காப்பாத்தத்தான் செய்யறான்னு ஒரு குழந்தைகூட சொல்லுமே" என்றாள். கிழித்தேன்.

செத்த காவல்காரரின் முகம். அவரை இனி யார் என்ன செய்துவிட முடியும்? இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு அவர் பெண்டாட்டி பஸ்ஸுக்காக அந்தக் கடையில் நிற்பாளே என்று தோன்றியது, பிடித்திருந்ததே என்று கூசிப்போனேன்.

முதலாளியின் முகம். எனக்குக் கைதட்டல் கிடைக்கும். அவளுக்கும் தம்பிக்கும் என்ன கிடைக்கும் என்று —

6

புதுப் பலகை தயாராகிவிட்டது. கை சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டாள். பந்தம் இந்தத் தடவை வலது கையில்தான் விழும். முகம் மட்டும் இன்னும் வெறும் மரம். அப்படியே மை தடவினால் கறுப்பாக விழும், கறுப்பை அவர்கள் வாங்க மாட்டார்கள். கண்ணுக்குக் கீழே ஒரு வெட்டு, மூக்கோரம் ஒன்று, தாடையில் ஒன்று. அதற்குள் ஊரில் யாரோ ஒருவராக ஆகிவிடும். அவள் உளியை மரத்தில் வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள். வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. தம்பி அதில் இருக்கிறானா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

எனக்கும் இல்லை. அதனால் இதை உங்களிடம் விடுகிறேன்.

இவ்வளவு தூரம் படித்தீர்கள். பந்தம் பிடித்த அந்த ஆளுக்கு உங்கள் மனதில் ஒரு முகம் வந்திருக்கும். உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடையது. அவர் மேல் உங்களுக்குக் கோபம்கூட இருக்காது, வாகாக வந்து நின்றிருப்பார், அவ்வளவுதான். அங்கே யாருமே நிற்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் வந்தார் அல்லவா? அவள் செய்ததும் அதைத்தான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

வாசலில் மேனேஜர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள், யார் முகம்?