தானியத்துக்குள் கேட்ட சத்தம்

ஆராய்ச்சிப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை அவளைக் கொண்டுவந்தது ஒரு பூச்சி. அதுவும் கண்ணில் படாத பூச்சி. கோதுமை மணிக்குள் சொகுசாக உட்கார்ந்து தின்னும் புழுவின் கடிச்சத்தத்தைத் தானியத் தொட்டியில் ஒட்டிய கருவி பிடிக்கும். கணினி எண்ணிச் சொல்லும். வேளாண் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு அவள் செய்யும் வேலை இது. பூச்சி விட்ட தொட்டி ஒன்று, சுத்தமான தொட்டி ஒன்று என்று ஒப்பிடப் போனால், சாயங்காலமானதும் சுத்தமான தொட்டியிலும் சத்தம்! வெளியே தெரியும் முன்பே பூச்சியைப் பிடித்துவிட்டோம் என்று ஆய்வகமே துள்ளிக் குதித்தது.

கோப்பையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள்? ஆனால் ஜெயிப்பவரை ஆண்டு மாநாட்டுக்குச் செலவில்லாமல் அனுப்புவார்கள். இந்த முறை மாநாடு அவள் ஊரில். கணவனும் மகளும் இருக்கிற ஊரில். மூன்று வயதில் விட்டுவிட்டு வந்த குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. முன்பல் விழுந்ததையும் ஃபோனில்தான் பார்த்தாள். உதவித்தொகையில் சாப்பிடலாம், விமானம் ஏற முடியாது. தூக்க முடியாத கனம் ஆவதற்குள் பிள்ளையை ஒருமுறை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தலைமை நடுவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்திரி. யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவார். அவளை மட்டும் கடைசிவரை பேசவிட்டார்.

"சுத்தமான தொட்டியத் தெறந்து பாத்தீங்களா?"

"சலிச்சே பாத்தோம் சார். ஒண்ணும் தெரியல. மணிக்குள்ள இருக்கும்னு நெனச்சோம்."

"சரி, அந்தச் சத்தத்தப் போடுங்க. கேப்போம்."

வரைபடம் வரைபடமாகப் பார்த்திருந்தாளே தவிர, அந்தப் பதிவை ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. எண்ணத்தான் கணினி இருக்கிறதே! படிப்பாளிகளுக்கு இப்படி ஒரு வியாதி. திரையில் ஒரு கோடு ஏறி இறங்கினால் போதும், உலகமே புரிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

போட்டாள். மெல்லிசாக, டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. பிறகு கனமாக, டக், டக். மறுபடியும் அந்த மெல்லிசு.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. தினமும் சாயங்காலம் ஆய்வகத்தில் இருந்தபடியே வீட்டுக்கு வீடியோவில் பேசுவாள். ஃபோனைச் சாய்த்து வைக்க வாகான இடம் சுத்தமான தொட்டியின் மூடிதான். பூச்சித் தொட்டிப் பக்கம் ஒண்ட அவளுக்கே அருவருப்பு. பேச விஷயம் தீர்ந்துபோனால் அம்மாவும் பெண்ணும் நாக்கைச் சொடுக்கிக் குதிரை ஓட்டுவார்கள். பேச்சுக்குரலை எல்லாம் வடிகட்டித் தள்ளிய கணினி, அந்தச் சொடுக்கை மட்டும் பூச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டது.

கத்திரி தலையைச் சாய்த்துக் கேட்டார். "தாளமா இருக்கே. புழு இப்படி விட்டு விட்டுக் கடிக்குமோ?"

பதிலை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விமானம். அவள் வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் அந்த மெல்லிய டக் மறுபடி வந்தது. அம்மாவின் பதிலுக்காக நின்றது. பெற்ற பெண்ணைப் புழு என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அது பூச்சி இல்ல சார். என் பொண்ணு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் விளக்கி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. "உக்காருங்கம்மா," என்றார் கத்திரி, தணிந்த குரலில். பரிசு சொட்டுநீர்ப் பாசனம் செய்த பையனுக்குப் போனது. கண்டுபிடிப்பும் போயிற்று, பயணமும் போயிற்று.

மாடிப்படியில் நின்று வீட்டுக்குப் பேசினாள். பிள்ளை அழுது ஊரைக் கூட்டும், எப்படிச் சமாதானம் செய்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லலாம். அடுத்த லீவைச் சொல்லலாம்.

"குட்டி, அம்மாவால இப்ப வர முடியலடா."

"சரிம்மா."

"அழக் கூடாது, என்ன?"

"நான் அழலியே. நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவே. வெளையாடப் போகட்டுமா? எல்லாரும் நிக்கறாங்க."

"போ கண்ணு."

ஓடுகிற சத்தம் கேட்டது. கணவன் ஃபோனை வாங்கினான். "பாத்தியா, எவ்வளவு சமத்தா எடுத்துக்கிட்டா! நான்தான் பயந்துக்கிட்டே இருந்தேன்."

"ஆமா, சமத்து," என்றாள்.

கொஞ்சம் அடம்பிடித்து அழுதிருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு. அவள் இல்லாமல் இருக்கப் பிள்ளை பழகிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.