சகப்பிணைப்பு

"எங்க வர்ற? உள்ள போ, உள்ள போ!"

மாமியார் போட்ட சத்தத்தில் மருமகள் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். தலை சீவி, தோளில் பையை மாட்டி, பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவள். வாசலில் கொழுந்தன் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். நாத்தனார் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இன்றைக்கு ஒரே பரீட்சை. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். சின்னவளுக்கு இந்த வருஷம் போனால் இன்னும் பல வருஷம் இருக்கிறது. மருமகளுக்கு இதுதான் கடைசி. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

"நேரமாச்சு அத்தை. நானும் கூடவே..."

"நேரம் எனக்கும் தெரியும். அவ மொதல்ல போகட்டும். நல்ல காரியத்துக்குப் போற புள்ள, வாசப்படி தாண்டறப்ப உன் மூஞ்சிலயா முழிக்கணும்? அவ போய்ச் சேர்ந்தப்புறம் உன் கொழுந்தன் திரும்பி வந்து உன்னையும் கூட்டிட்டுப் போவான். உன்ன யாரு போக வேணாங்கறா?"

கவனித்தீர்களா? வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம்மவர்கள் அதில் கெட்டிக்காரர்கள். கழுத்தை நெரிக்கிறபோதும் கை மேலே படாமல் பார்த்துக்கொள்வார்கள்.

மருமகளின் புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்தான். சாரம் கட்டிய கயிறு இற்றுப்போயிருந்தது. மேஸ்திரிக்கும் அது தெரியும், முதலாளிக்கும் தெரியும். அந்தக் கயிற்றை யாரும் ராசியில்லாதது என்று சொல்லவில்லை. முதலாளியின் முகத்தில் விழித்தால் காரியம் கெடும் என்றும் தெருவில் ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்து இவள் தலையில் விடிந்தது. பின்கட்டு அறையில் தையல் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக்கொண்டு கிடந்தாள்.

பரீட்சைக்கு மனுப் போட மாமியார் சம்மதித்ததே சின்னவளுக்குத் துணை வேண்டும் என்பதற்காக. போதாததற்கு அந்தப் பெண்ணுக்கு வேதியியல் என்றாலே காய்ச்சல் வரும்; மருமகளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு.

"தலையெழுத்து அண்ணி! நூத்துப் பதினெட்டுத் தனிமம். இத்தனையும் எவன் மனப்பாடம் பண்ணுவான்?" என்று புத்தகத்தை மெஷின் மேல் போட்டாள் ஒரு நாள்.

"நீ எதுக்கு மனப்பாடம் பண்ற? அட்டவணையில அது எந்தத் தொகுதியில, எந்த நெட்டு வரிசையில நிக்குதுன்னு பாரு, போதும்." மருமகள் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள். "எந்த அணுவா இருந்தாலும் வெளிக்கூட்டுல எத்தன எலக்ட்ரான் இருக்குங்கறதுதான் அதோட குணம். உள்கூட்டுல இருக்கறதுக்கு இந்த வம்பு எதுலயும் சம்பந்தமில்ல. இதோ, முதல் தொகுதி. சோடியம், பொட்டாசியம். வெளியில ஒண்ணே ஒண்ணு." ஒரு பொத்தானைத் தனியே நகர்த்தினாள். "அதை யார் தலையிலயாவது கட்டிட்டா நிம்மதின்னு இருக்கும். பதினேழாம் தொகுதிக்கு ஏழு. குளோரினப் பாரு, எட்டாக்க இன்னும் ஒண்ணு குறையுது. பறக்காவெட்டி மாதிரி அலையும்."

"ரெண்டும் எதிரெதிர வந்தா?"

"அது குடுத்துரும், இது வாங்கிக்கும். குடுத்தது பிளஸ், வாங்கினது மைனஸ். பிளஸ்ஸும் மைனஸும் இழுத்துப் பிடிச்சுக்கும். அதான் அயனிப் பிணைப்பு. நீ சாப்பிடற உப்பு."

"கடைசித் தொகுதி?"

"மந்த வாயு. எட்டும் நிறைஞ்சிருக்கு. ஹீலியத்துக்கு மட்டும் ரெண்டே போதும். அதுங்களுக்கு யாரும் வேணாம்."

"எங்கம்மா மாதிரி. யார்கூடயும் ஒட்டாது!"

"சும்மா இருடி, காதுல விழப் போகுது" என்றாள் மருமகள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்ப கார்பனுக்கு நாலு. அது குடுக்குமா, வாங்குமா?"

"நாலையும் குடுக்கவும் கட்டாது, நாலு வாங்கவும் கட்டாது. அதனால பங்கு போட்டுக்கும். என்னோடது ஒண்ணு, உன்னோடது ஒண்ணு, ரெண்டும் ரெண்டு பேருக்கும் பொது. சகப்பிணைப்பு."

சின்னவள் பொத்தான்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்த்தாள். "அடேயப்பா, இவ்வளவுதானா! இத எங்க வாத்தியார் ஒரு வருஷமா ஜவ்வு மாதிரி இழுத்தாரே" என்று அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சின்னவள்தான் இன்றைக்குக் குனிந்தபடி செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம்தான் மாட்டுவாள் ஒரு வாரை? நிமிர்ந்தால் அண்ணியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நிமிராமலே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"தோ, விட்டுட்டு உடனே வந்துடறேன் அண்ணி" என்றான் கொழுந்தன். பொல்லாதவன் இல்லை. வருவதாகத்தான் நினைத்துப் போனான்.

மருமகள் பின்கட்டில் காத்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தாள். பால்காரன் போனான், பள்ளிக்கூட வேன் போனது. "அத்தை, நான் நடந்தே போயிடறேனே" என்று குரல் கொடுத்தாள். "வர்றேன்னு சொன்னவன் வருவான். எதுக்கு இப்படிப் பறக்கற?" என்று பதில் வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஓடினாள் என்றால் நிஜமாகவே ஓடினாள், தெருவே வேடிக்கை பார்க்க.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்து கேட் சாத்தியிருந்தது.

"மணி அடிச்சாச்சும்மா. இனிமே யாரையும் விடக் கூடாது" என்றான் காவல்காரன்.

"அண்ணே, கொஞ்ச நேரந்தானே ஆச்சு. கையெடுத்துக் கும்பிடறேன்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. விட்டா என் சீட்டு கிழிஞ்சிடும். கொஞ்சம் முன்னாடியே கிளம்பக் கூடாதாம்மா?"

எதிரே மரத்தடியில் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "கூட்டத்துல வண்டிய வெளிய எடுக்கவே முடியல அண்ணி. நான் என்ன பண்ணட்டும்?" என்றான். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். வாய்விட்டே அழுதாள். காவல்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

முடிவு வந்தபோது சின்னவள் தேறியிருந்தாள். வேதியியலில் மட்டும் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தாள். மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அன்னிக்கு நான் மட்டும் கறாரா இருக்கலேன்னா என்ன ஆயிருக்கும்! இவ முகத்தப் பாக்காமப் போனா, ஜம்முனு பாஸ் பண்ணிட்டா" என்று தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி மறுநாளே வந்தாள். "ஏம்மா, எங்க வீட்டுக்காரர் கடை திறக்கறார். அன்னிக்கும் நீ கொஞ்சம் உள்ளயே இருந்துக்கிறியா?" ஏதோ இரவலுக்குப் பாத்திரம் கேட்பது போலத்தான் கேட்டாள். மருமகள் சரி என்றாள். வேறென்ன சொல்ல?

தேறியவர்களுக்கு நேர்காணல் இருந்தது. முந்தின சாயங்காலம் சின்னவள் பின்கட்டுக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனாலும்... நாளைக்கும் கொஞ்சம் உள்ளயே இருந்திடுங்களேன்."

மருமகள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "நம்பிக்கை இல்லாமலே இவ்வளவு செய்யறியே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை மாமியாரே வந்து பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவளுக்கு ஒரு கேள்வி இடறியது. புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம். அண்ணிகிட்ட கேக்கணும்."

"கதவத் திறக்காத! வெளிய நின்னே கேளு. முகந்தான் ஆகாது, குரலுக்கு ஒண்ணுமில்ல."

சின்னவள் கதவில் வாயை வைத்தாள். "அண்ணி, தண்ணியில ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானப் பங்கு போட்டுக்குது, சரி. பங்குன்னா சமமாத்தானே இருக்கணும்? ஆக்ஸிஜன் பக்கம் மட்டும் ஏன் கொஞ்சம் மைனஸ்னு போட்டிருக்கு? கேட்டா என்ன சொல்றது?"

உள்ளே இருந்தவளுக்கு விடை தெரியும். பங்கு என்பது பெயருக்குத்தான். அந்த எலக்ட்ரான் ஜோடி நடுவில் நிற்பதில்லை. இழுக்கிற வலு யாருக்கு அதிகமோ, அவர் பக்கமே சாய்ந்து கிடக்கும். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணி? அண்ணி, நேரமாச்சு..."

உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

"பாத்தியா, பாத்தியா! வயித்தெரிச்சல்!" என்றாள் மாமியார். "இதுக்குத்தான் தலதலயா அடிச்சுக்கறேன், அந்த மூஞ்சில முழிக்காதன்னு."

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுச் சின்னவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.