ஏழாவது நாற்காலி

எங்கள் மண்டல விளையாட்டுப் புகழ்மன்றத்துக்கு ஒரு கோட்டு உண்டு. ஒன்றே ஒன்றுதான். அரக்கு நிறம், பித்தளைப் பொத்தான்கள், மார்பில் ஓடுகிற ஆளின் உருவம். மன்றத்தில் சேர்க்கப்படுகிறவர் குண்டெறிந்தவரானாலும் சரி, ஒல்லிக்குச்சி ஜிம்னாஸ்டிக் வீரரானாலும் சரி, மேடையில் அதைப் போட்டுக்கொண்டுதான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கைதட்டல் அடங்கியதும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். புகழ் நிரந்தரம், கோட்டு திரும்பி வர வேண்டும்.

அந்தக் கோட்டை வருடாவருடம் புதியவரின் உடம்புக்குத் தகுந்தபடி பிடித்தும் பிரித்தும் கொடுப்பது என் அக்கா. கோட்டுக்குப் பொறுப்பு நான். தேர்வுக் குழுவில் ஏழு பேர், அதில் நானும் ஒருவன் என்றாலும் நான் அங்கே செய்த உருப்படியான வேலை கோட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனது மட்டும்தான்.

இதில் ஒரு சங்கடம். அக்காவின் கோப்பும் ஒன்பது வருடமாக அதே மன்றத்தின் அலமாரியில் கிடந்தது. ஒவ்வொரு வருடமும் தேர்வு முடிந்த மறுநாள், வேறு யாருடைய அளவுச்சீட்டையோ கோட்டுப் பையில் செருகிக்கொண்டு போய் நிற்பேன். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, "யாரு?" என்பாள். சொல்வேன். "நல்ல ஆளுதான்" என்பாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். தையல் மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

அக்கா இருபது கிலோமீட்டர் நடைப்போட்டிக்காரி. ஒரு கால் எப்போதும் தரையில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் அட்டையைத் தூக்கிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அந்த இடுப்பு ஆட்டம் சிரிப்பாக இருக்கும். ஐந்தே நிமிடம் அப்படி நடந்து பாருங்கள், யார் சிரிக்கிறார்கள் என்று அப்புறம் பேசலாம். பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுக்கிற வேலை முடிந்து வந்து, சாயங்காலம் ரிங் ரோட்டில் நடந்து நடந்து அவள் படைத்த மண்டல சாதனையை முப்பத்தோரு வருடமாக யாரும் தொடவில்லை.

நான் ஓடியதும் இல்லை, தாண்டியதும் இல்லை. போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவன். அவள் சாதனை படைத்த அன்று எல்லைக்கோட்டில் நான்தான் நிற்க வேண்டியது. 'தம்பியே நேரம் எடுத்தான்' என்று நாளைக்கு ஒரு பயல் சொல்லிவிடக் கூடாதே என்று வாட்ச்சை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். சத்தம் கேட்டது. அவள் எல்லைக்கோட்டைக் கடந்ததை நான் பார்க்கவில்லை. அவ்வளவு நேர்மை எனக்கு.

தேர்வுக் குழுவிலும் அந்த நேர்மையைக் கைவிடவில்லை. அக்காவின் கோப்பு வரும்போதெல்லாம் நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுவேன். "சொந்தக்காரங்க விஷயம், நான் இருக்கிறது முறையில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். ஸ்டேடியத்தின் அடிப்பகுதியில், கழிப்பறைக்கும் பந்து அறைக்கும் நடுவில் ஒரு நடைபாதை. அதன் சுவரில்தான் புகழ்பெற்றவர்களின் பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவார்கள். உள்ளே போனதும் பக்கத்து நாற்காலி வாலிபால் கேப்டன் என் தொடையில் தட்டி, "என் ஓட்டு அக்காவுக்குத்தான்யா. மத்தவங்களுக்கு மனசு வரல, என்ன பண்றது" என்று கிசுகிசுப்பார். கண் கலங்கிவிடும். ஒன்பது வருடம், ஒன்பது தட்டு.

ஒரு கோப்புக்குப் பத்து வருடம்தான் ஆயுள். பத்தாவது வருடமும் தேறாவிட்டால் மூடிக் கட்டிவிடுவார்கள். மறுபடி திறக்க வழியில்லை. இந்த வருடம் பத்தாவது.

பழைய செயலாளர் ஓய்வு பெற்று, அவர் இடத்துக்கு ஒரு இளம்பெண் வந்திருந்தாள். பழையவர் காலத்தில் கூட்டம் தொடங்கும்போது, "போன கூட்டத்துக் குறிப்பைப் படிச்சதா எடுத்துக்கலாமா?" என்பார். "எடுத்துக்கிட்டோம்" என்போம். கையெழுத்துப் போடுவோம். அக்கா சம்பந்தப்பட்ட பக்கம் என்பதால் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன்.

இந்தப் பெண், "இல்ல சார், வாசிக்கணும்னு விதியில இருக்கு" என்று எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தாள். தலைவர் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒன்பதாவது பொருள், நடைப்போட்டி வீராங்கனை. உறுப்பினர் ஒருவர் வெளிநடப்பு. அறையில் ஆறு பேர் மட்டுமே இருந்ததால் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. கோப்பு அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது."

எங்கள் குடும்பத்தில் நடையில் சாதனை செய்தவள் அக்கா மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"என்னம்மா சொன்னே? ஓட்டெடுப்பே நடக்கலையா?"

"ஏழு பேரும் அறையில இருந்தாத்தான் சார் ஓட்டு செல்லும். நாலாவது விதி." அவள் நோட்டைப் புரட்டினாள். "அதுக்கு முந்தின வருஷமும் இதேதான் எழுதியிருக்கு. அதுக்கு முந்தியும்."

"சொந்தக்காரன் உள்ள இருக்கக் கூடாதும்மா."

"ஓட்டுப் போடக் கூடாதுன்னுதான் சார் இருக்கு. வெளிய போகணும்னு எங்கேயும் இல்லையே."

தலைவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "இதென்னப்பா புதுசா கேக்குறே? உனக்குத் தெரிஞ்சுதான் எந்திரிச்சுப் போறேன்னு நாங்க நினைச்சோம். அக்காவுக்கும் உனக்கும் ஏதோ மனஸ்தாபம், வெளிய சொல்ல முடியாம இப்படிப் பண்றேன்னு."

"ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே!"

"வெளிய போனவங்ககிட்ட உள்ள நடந்ததைச் சொல்லக் கூடாதே" என்றார் குழுவில் இருந்த பத்திரிகைக்காரர். அதுவும் ஒரு விதி. அதை மட்டும் எல்லோரும் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்.

நான் மெதுவாகத் திரும்பி வாலிபால் கேப்டனைப் பார்த்தேன். அவர் தன் பேனா மூடியைக் கழற்றி, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பொருள் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். ஸ்டேடியத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். 'ஊக்குவித்தோர்' என்று ஒரு பிரிவு அவருக்காகவே போன மாதம் பிறந்திருந்தது. அவர் கோப்பைத் திறக்கக்கூட இல்லை. எல்லோரும் ஆம். என் சீட்டும் ஆம்தான், மறைப்பானேன். கூரை நல்ல கூரை.

அக்காவின் முறை வந்தது. பழக்கதோஷத்தில் என் முழங்கால் எழுந்துவிட்டது. அதைக் கையால் பிடித்து உட்கார வைத்தேன்.

ஒன்பது வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவன் அன்றைக்குத்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஓட்டு இல்லாதவனுக்குப் பேச்சும் இல்லை என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நடக்கிறது ஒரு விளையாட்டான்னு ஜனங்க கேப்பாங்க" என்றார் சைக்கிள் வீரர். "நானும் தினம் காலையில நடக்கிறேன், சுகருக்கு." சிரித்தார்கள். இன்னொருவர் உட்கார்ந்தபடியே இடுப்பை இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினார். அதற்கும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கேட்டால் நம்பமாட்டீர்கள், நானும் லேசாகச் சிரித்து வைத்தேன்.

"அவங்க நடந்ததை இங்க யாராவது நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று பி.டி. டீச்சர் கேட்டார். பார்த்தவர்கள் முன்பு இதே குழுவில் இருந்தார்கள். முதல் வருடம் அக்காவின் கோப்பை முன்மொழிந்த ஹாக்கி கோல்கீப்பர், நடைப்போட்டியில் நடுவராக நின்றே தலை நரைத்த பெரியவர், நீச்சல் பயிற்சியாளர் அம்மா. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் இருந்த வருடங்களில் நான் நடைபாதையில் பலகை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சீட்டுகளைச் செயலாளர் பிரித்தாள். தேர்வாக ஐந்து ஆம் வேண்டும். ஓட்டுப் போடுகிறவர்கள் ஆறு பேர்.

ஆம். ஆம். இல்லை. ஆம். ஆம். கடைசிச் சீட்டை அவள் இரண்டு தடவை பார்த்தாள். "இல்லை."

கோப்பின் மேல் 'முடிந்தது' என்று முத்திரை விழுந்தது. மை காயட்டும் என்று அவள் அதை விசிறியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

வாலிபால் கேப்டன் என் தொடையில் தட்டினார். "என் ஓட்டு அக்காவுக்குத்தான்யா" என்றார்.

இந்தத் தடவை ஓட்டெடுப்பாவது நடந்திருந்தது. அதற்கு மேல் எதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மறுநாள் கோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். டிப்போ வேலையை விட்ட பிறகு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிறாள். அவள் ஜெயித்த கோப்பைகள் எல்லாம் பரணில். ஒன்றே ஒன்றுதான் கீழே இருக்கிறது, அதில் பொத்தான்கள்.

"யாரு?"

"ஒப்பந்தக்காரர்."

"என்ன ஆடினாராம்?"

"கூரை போட்டாரு."

வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டாள். கோட்டை உதறி விரித்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாசித்த குறிப்பு, நாலாவது விதி, ஆறு பேர், நான், நாற்காலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இடுப்பு ஆட்டியதையும் நான் சிரித்ததையும் மட்டும் விட்டுவிட்டேன்.

அக்கா கோட்டின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்போ இத்தனை வருஷமா யாருமே என்னை வேணாம்னு சொல்லலையா?"

"இல்லக்கா. கேக்கவே இல்ல."

"நான் ஆறு பேரும் உக்காந்து பேசி, இவ வேணாம்னு முடிவு பண்றாங்கன்னு நினைச்சேன். வருஷா வருஷம். அதுலதான்டா நடக்கிறதையே விட்டேன். ரிங் ரோட்டுல யாராவது பார்த்தா, வேணாம்னு தள்ளிட்டாங்க, இன்னும் ஆட்டிக்கிட்டுப் போறாளேன்னு சொல்லுவாங்கன்னு."

மெஷின் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"நேத்து எத்தனை பேரு?"

"நாலு."

"நாலு பேரா?" முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. "நாலு பேரு ஆமான்னாங்களா? யாரு யாருடா?"

"தெரியலக்கா. ரகசிய ஓட்டு."

"அந்த ஹாக்கிக்காரர் இருந்திருந்தா போட்டிருப்பாரு."

"போட்டிருப்பாரு."

அவள் கணக்குப் போட்டாள். ஒரு டிக்கெட் கவுண்டர்க்காரிக்கு இது ஒரு கணக்கா. முதல் வருடமே ஓட்டெடுத்திருந்தால் தேர்வாகியிருப்பாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"நீ வெளிய போய் நின்னதுக்கு உன்னை யாராவது மெச்சினாங்களாடா?"

"யாரும் இல்ல."

"அதுக்கும் ஒரு பலகை அடிக்கச் சொல்லு. கழிப்பறைப் பக்கம் இடம் இருக்கும்."

அளவுச்சீட்டை எடுத்துப் படித்தாள். "வயிறு நாப்பத்தாறா? போன வருஷம் ஒட்டடைக்குச்சிக்குப் பிடிச்சது, ரெண்டு பக்கமும் பிரிச்சாத்தான் வரும்." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கும் கிட்டத்தட்ட அதே தொந்திதான். போட்டுக்கோ, பார்ப்போம்."

"நானா? அதை நான் போடக் கூடாதுக்கா. மன்றத்துல சேர்ந்தவங்க மட்டும்தான்…"

"விதியில இருக்கா?"

அவளே கோட்டை என் தோளில் மாட்டினாள். பொத்தான் வயிற்றில் இடித்துக்கொண்டு நின்றது. பின்னால் போய் முதுகுத் தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தாள். ஒவ்வொரு இழை விடும்போதும் சின்னச் சத்தம் வந்தது. அவள் மூக்கை உறிஞ்சுகிற மாதிரியும் கேட்டது. திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. அவளை அழ விட்டுவிட்டு வாசல் பக்கம் போய் நிற்பதுதான் மரியாதையோ என்றும் தோன்றியது. கால் ஒரு அடி வைத்தேவிட்டது.

அக்கா கோட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"எங்கே போறே? அசையாம இருடா. இன்னிக்காவது இருந்த இடத்துல இரு."